பன்னிரண்டு படத்தில் ஒரு கல்யாணம்

"மாப்ள, என் கல்யாணத்துக்கு நீதான் போட்டோ எடுக்கணும்" என்று போன மாதம் அவன் போனில் சொன்னபோது, பந்தலில் நாலு நாற்காலி எடுத்துப் போடச் சொல்கிறான் என்பது போல "சரிடா" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது.

நான் போட்டோகிராபர் இல்லை. சித்தப்பா பையன் வாங்கி அலுத்துப்போன ஒரு நிக்கான் டி5300 இரண்டு வருடமாக என்னிடம் கிடக்கிறது. அதோடு வந்த லென்ஸ் ஒன்று, 50 எம்எம் லென்ஸ் ஒன்று. இதுவரை நான் எடுத்தவை: போடிமெட்டு மேகம், கொட்டகுடி ஆறு, ஒரு எறும்பு, அப்புறம் எண்ணற்ற பனித்துளிகள். மேகமோ எறும்போ "என் படம் ஏன் விழலை?" என்று பிற்பாடு சண்டைக்கு வராது. தாய்மாமன் வருவார்.

அவன் ஊர் பொட்டிபுரம். போடிநாயக்கனூர் பக்கம், அம்பரப்பர் மலையடிவாரம். பேரைக் கேட்டதும் "அட, நியூட்ரினோ ஊர்!" என்பீர்கள். அதேதான். 1965ல் கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் நியூட்ரினோவைக் கண்டறிந்த பிறகு, இந்தியா மறுபடியும் பூமிக்குள் இறங்கிப் பார்க்க நினைத்த இடம் இது. 50,000 டன் காந்தமாக்கிய இரும்பு, சுமார் 1500 கோடி ரூபாய் என்று 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. போராட்டம், வழக்கு, பசுமைத் தீர்ப்பாயம் என்று போய், 2022ல் தமிழக அரசும் தன் எதிர்ப்பை உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. சுரங்கம் வெட்டப்படவில்லை. அந்த வருடங்களில் டிவிக்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து போனார்கள். "எல்லாரும் மலையத்தான்டா எடுத்தாய்ங்க" என்பான் என் சிநேகிதன்.

ப்ளஸ் டூ வரை இரண்டு பேரும் ஒரே பெஞ்ச். நான் கல்லூரிக்கு வந்தேன். அவன் ஜீப் ஓட்டுகிறான். விடிகாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏலத் தோட்டங்களுக்கு மலையேறி, சாயங்காலம் இறங்குகிற ஜீப். சரி, காசுக்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லை. நேரில் போனபோதுதான் அவன் அம்மா விஷயத்தைச் சொன்னார்.

அத்தையின் கல்யாணம் நடந்தது 1998ல். ஸ்டுடியோவில் இருந்து வந்த ஆள் பெண்ணழைப்பில் தொடங்கி சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் பளிச் பளிச்சென்று எடுத்துத் தள்ளினார். பத்து நாள் கழித்துப் போய்க் கேட்டால், பிலிம் ஓடவே இல்லையாம்! முப்பத்தாறு படமும் ஒரே இடத்தில், அதாவது ஒன்றுமே இல்லாத இடத்தில். வேறொரு சொந்தக்காரர் எடுத்த இரண்டு படத்தில் மாப்பிள்ளையின் முதுகு இருக்கிறது. மூன்று மாதம் கழித்து, முகூர்த்தப் புடவையைத் திரும்பக் கட்டி, புது மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு, வேறொரு ஸ்டுடியோவில் போய் நின்று ஒரு படம் எடுத்தார்கள். வீட்டு நடுக்கூடத்தில் மாட்டியிருப்பது அதுதான். இத்தனை வருடமாக அதைப் பார்த்திருக்கிறேன். அது கல்யாணப் படம் இல்லை என்று எனக்குத் தெரியாது.

"காசு குடுத்து வர்றவனுக்கு அது நூறுல ஒரு கல்யாணம். நீ வீட்டுப்புள்ள, பதறிப் பதறி எடுப்ப" என்றார் அத்தை. பதற்றத்தையே தகுதியாக எடுத்துக்கொண்டு எனக்கு ஒரு வேலை கிடைத்தது வாழ்க்கையில் இதுதான் முதல் முறை :-)

பதற்றம் வந்தால் நான் செய்வது ஒன்றுதான், படிப்பது. கேமராக் கையேடு படிக்க உட்கார்ந்தவன், எப்படியோ வழுக்கி, நம்ம ஊரில் கல்யாணத்தைப் படம் பிடிக்கும் பழக்கம் எப்படி வந்தது என்கிற கிணற்றுக்குள் விழுந்துவிட்டேன். மீதிக் கதை அதுதான்.

அத்தை செய்த காரியத்துக்கு ஒரு ராணித் துணை இருக்கிறது. விக்டோரியா மகாராணிக்கு 1840 பிப்ரவரியில் கல்யாணம். டாகேர் தன் முறையை பாரிசில் அறிவித்தது 1839ல்தான். கல்யாணத்தை யாரும் போட்டோ எடுக்கவில்லை. ஆனால் விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் நிற்கிற, "கல்யாணப் படம்" என்று இன்றைக்கும் பல இடங்களில் போடுகிற படம் ஒன்று உண்டு. அது ரோஜர் ஃபென்டன் 1854ல் எடுத்தது. கல்யாணமாகிப் பதினாலு வருடம் கழித்து! வெள்ளை உடுப்பையும் தலையில் பூவையும் பார்த்து உலகமே கல்யாணம் என்று முடிவு கட்டிவிட்டது. பதினாலு வருடத்தோடு ஒப்பிட்டால் பொட்டிபுரத்து மூன்று மாதம் ஒன்றுமே இல்லை.

நம்ம பக்கத்துக்குக் கேமரா வந்ததும் சீக்கிரமேதான். 1858ல் லின்னேயஸ் டிரைப் என்கிற பட்டாளத்துக்காரர் மதுரையில் நின்று படம் எடுத்திருக்கிறார். சென்னை மாகாண அரசின் சம்பளத்தில் போட்டோகிராபராக இருந்தவர். மீனாட்சி கோவில், திருமலை நாயக்கர் மகால் எல்லாம் அவர் படத்தில் உண்டு. அதே வருடம் தஞ்சைப் பெரிய கோவிலின் அடிச்சுவரில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். இன்றைக்கு போனைப் பிடித்துச் சுற்றுகிறோமே, அந்த பனோரமாவின் கொள்ளுத்தாத்தா. ஆனால் அவர் படங்களில் ஊர் காலியாகக் கிடக்கும். காகித நெகட்டிவுக்கு வெளிச்சம் நிமிடக் கணக்கில் வேண்டும். கல் அசையாமல் நிற்கும், கல்யாண வீடு நிற்குமா? அவரை வைத்து மதுரையில் ஒரு கல்யாணம் எடுத்திருந்தால் பந்தக்காலும் வாழைமரமும் மட்டும்தான் விழுந்திருக்கும். 1860க்குள் அந்த வேலையையே நிறுத்திவிட்டார்கள். அரசின் நிதி நிலைமைக்கு இது ஒத்துவராத ஆடம்பரம் என்பது அன்றைய கவர்னர் டிரெவெல்யனின் கருத்து. எங்கள் வீட்டிலும் அதே கருத்துதான்.

அடுத்தது ஈரத் தகடு. கண்ணாடியில் மருந்து ஊற்றி, காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். அதாவது இருட்டறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். எனவே போட்டோகிராபர் கல்யாண வீட்டுக்கு வருவதில்லை, பெண்ணும் மாப்பிள்ளையும்தான் ஸ்டுடியோவுக்குப் போவார்கள். காசுள்ளவர்கள், பெரிய ஊரில் இருந்தவர்கள் போனார்கள். போடி பக்கத்தில் அந்தக் காலத்தில் இதற்கு வழியே குறைவு. மதுரைக்கு ரயில் வந்ததே 1875ல். மதுரையில் இருந்து போடிக்கு ரயில் வந்தது 1928ல். போடி ஜமீன் அரண்மனைச் சுவரில் ஓவியங்கள் உண்டு, ஜமீனுக்கு ஓவியர் கிடைப்பார். குடியானவன் வீட்டுக் கல்யாணம் ஊர்க்காரர்களின் ஞாபகத்திலும் மொய் நோட்டிலும் மட்டும் இருந்தது. இந்த மொய் நோட்டை லேசாக நினைக்காதீர்கள். யார் வந்தார்கள், எந்த ஊர், என்ன உறவு, எவ்வளவு என்று வரிசையாக எழுதிய அந்த நோட்டுதான் கேமராவுக்கு முந்தின குரூப் போட்டோ.

1871ல் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்கிற ஆங்கிலேய மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர் தகட்டுக்கு வழி சொன்னார். சில வருடங்களில் அது கடைச் சரக்காகிவிட்டது. முன்கூட்டியே தயாரான தகடு, பெட்டியில் வைத்து எடுத்துப் போகலாம், எடுத்துவிட்டு சாவகாசமாகக் கழுவலாம். போட்டோகிராபர் கல்யாண வீட்டுக்கு நடந்து வரத் தொடங்கியது இதனால்தான். என் கணக்கில் கல்யாண போட்டோ என்கிற சங்கதி பிறந்தது கேமராவால் இல்லை, இந்த உலர் தகட்டால். (இதற்கு யாராவது மறுப்பு சொன்னால் சண்டை போடத் தயார்.)

ஆனாலும் ஒரு தகடு என்றால் ஒரு படம். முக்காலி, கறுப்புத் துணி, மரப்பெட்டிக் கேமரா. எனவே ஒரு கல்யாணத்துக்கு ஒரே ஒரு படம், மிஞ்சினால் இரண்டு. வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு, பெரியவர்களை உட்கார வைத்து, பின்னால் நிற்க வைத்து, குழந்தைகளைத் தரையில் சம்மணமிட வைத்து, "அசையாதீங்க!" அந்தப் படங்களில் யாருமே சிரிக்கவில்லையே என்று நாம் கேலி செய்கிறோம். ஒரே ஒரு வாய்ப்பு, வாழ்க்கையிலேயே ஒரு தடவை, அசைந்தால் பேயாக விழுவோம் என்றால் நீங்கள் சிரிப்பீர்களா? போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்கிற பயம் வேறு.

பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்துக் காப்பாற்றும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு செய்திருக்கிறார்கள். இணையத்தில் பார்க்கலாம். பார்க்க ஆரம்பித்தால் ராத்திரி போய்விடும், எச்சரிக்கை. வரைந்த திரைச்சீலை, மரத்தூண், பூச்சாடி வைத்த முக்காலி. கணவன் நாற்காலியில், மனைவி நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி பக்கத்தில். அவள் கை பிடித்திருப்பது கணவன் தோளை இல்லை, நாற்காலியை. அசையாமல் நிற்க ஒரு பிடிமானம் வேண்டுமே. வசதிக்காக வந்த ஒரு நிற்கும் முறை, பிறகு மரியாதை என்று ஆகி, அதற்கு அவசியமே போன பின்னும் ஐம்பது அறுபது வருடம் நீடித்திருக்கிறது.

இப்போது நான் தலைப்பில் சொன்ன பன்னிரண்டுக்கு வருகிறேன்.

சுருள் பிலிமில் 120 என்று ஒரு அளவு. கோடாக் 1901ல் கொண்டுவந்தது, இன்றைக்கும் விற்கிறது. சதுரமாக எடுத்தால் ஒரு சுருளுக்குச் சரியாக 12 படம். 1929ல் ஜெர்மனியில் ரோலெய்ஃபிளெக்ஸ் வந்தது. மேலே ஒரு கண், கீழே ஒரு கண் என்று இரண்டு லென்ஸ். பிறகு ஜப்பானில் இருந்து அதே பாணியில் யாஷிகா. நம் ஊர் ஸ்டுடியோ அண்ணன்மார் கழுத்தில் வெகுகாலம் தொங்கியது இந்த ஜாதிக் கேமராதான். அமெச்சூர்களுக்கு அக்ஃபா கிளிக் 3. அதிலும் இதே 12.

இந்த இரட்டைக் கண் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்க்க முடியாது. வயிற்றருகே பிடித்து, மேலே உள்ள மூடியைத் திறந்து, குனிந்து கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதிலும் இடம் வலம் மாறித் தெரியும். உங்கள் வீட்டில் அறுபது எழுபதுகளின் கல்யாண ஆல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மணவறையில் உட்கார்ந்தவர்கள் நேருக்கு நேராக, நிற்பவர்கள் கொஞ்சம் கம்பீரமாக, உயரமாகத் தெரிவார்கள். படம் எடுத்தவரின் கண் நெஞ்சுக்குக் கீழே இருந்தது என்பதுதான் காரணம். அவர் குனிந்தபடியே கல்யாணத்தைப் பார்த்தார். இதைப் படித்த அன்றைக்கு என் கேமராவைத் தொப்புளுக்கு நேராகப் பிடித்து எங்கள் பாட்டியை எடுத்தேன். சட்டென்று ஜமீன்தாரிணி மாதிரி ஆகிவிட்டாள்!

ஒரு சுருள், அல்லது இரண்டு. பன்னிரண்டு படத்துக்குள் ஒரு கல்யாணத்தை அடக்கச் சொன்னால் எதை எடுப்பீர்கள்? பழைய ஆல்பங்களைப் புரட்டிப் புரட்டி நான் ஒரு மாதிரி பட்டியல் போட்டேன். மாப்பிள்ளை அழைப்பு ஒன்று. பெண் தனியாக ஒன்று. தாலி கட்டுவது ஒன்று. இதற்கு மட்டும் இரண்டாவது முறை கிடையாது, மற்றதை எல்லாம் திரும்ப நிற்க வைத்து எடுத்துக்கொள்ளலாம். மாலை மாற்றுவது. பெண்ணின் பெற்றோருடன், மாப்பிள்ளையின் பெற்றோருடன். தாய்மாமன் குடும்பம், விட்டால் தொலைந்தோம். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர். அலுவலகம் அல்லது தோட்டத்து முதலாளி. கூட்டாளிகள். பிறகு பெரிய குரூப். கடைசி ஒன்று? பெரும்பாலான ஆல்பங்களில் அது இல்லை. எதற்காகவோ கையிருப்பாக வைத்து, பிறகு வேறு வீட்டில் ஓட்டியிருக்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் இல்லாதவர்களைக் கவனியுங்கள். சமையல்காரர், பந்தி பரிமாறியவர், மேளக்காரர், இலை எடுத்த அக்கா. தாலியறுத்த பாட்டி. மங்கலக் காரியத்தில் முன்னால் வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட விதவைகள், போட்டோவிலும் இல்லை. பன்னிரண்டு என்கிற கணக்கு வெறும் பிலிம் சமாச்சாரம் இல்லை. யார் குடும்பம், யார் கூட்டம் என்று பிரிக்கிற கத்தி அது. இப்போது என் கையில் இரண்டாயிரம் படம் எடுக்கிற கார்டு இருக்கிறது. கத்தி மழுங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

பிலிம் எங்கிருந்து வந்தது என்பதிலும் நமக்கு ஒரு பங்கு உண்டு. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்கிற மத்திய அரசு நிறுவனம் 1960ல் தொடங்கப்பட்டு, 1967ல் உற்பத்திக்கு வந்தது. அந்த இடத்துக்குப் பெயரே இந்து நகர். கறுப்பு வெள்ளை பிலிம், காகிதம், எக்ஸ்ரே பிலிம் என்று "இந்து" பெயரில் நாடு முழுக்கப் போனது. வெளிநாட்டுச் சரக்குக்கு இறக்குமதிக் கெடுபிடி இருந்த காலத்தில் எத்தனையோ கல்யாணங்கள் நீலகிரியில் செய்த பிலிமில் விழுந்திருக்கின்றன. வண்ணம் வந்து அதைச் சாய்த்தது. 1996ல் நலிந்த நிறுவனம் என்றார்கள், பிறகு மெல்ல மெல்ல மூடிவிட்டார்கள்.

(ஒரு சின்ன விலகல். போட்டோ தகடு கல்யாணத்துக்கு மட்டும் பயன்படவில்லை. 1940களின் தொடக்கத்தில் பிபா சவுத்ரி என்ற பெண் விஞ்ஞானியும் டி.எம். போஸும் இமயமலைச் சரிவில் போட்டோ தகடுகளை மாதக்கணக்கில் வைத்து, வானத்தில் இருந்து வரும் துகள்களின் தடத்தை அதில் பிடித்தார்கள். அதே வழியில் மேலே போன செசில் பவலுக்கு 1950ல் நோபல் பரிசு. நியூட்ரினோ ஊரில் கல்யாண போட்டோ எடுக்கப் போகிறவன் இதைச் சொல்லாமல் விட்டால் எப்படி?)

வண்ணம் வந்தபோது இரண்டு விஷயம் நடந்தன. ஒன்று, படம் வெளுத்தது. கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளித் துகளால் ஆனது, ஒழுங்காகக் கழுவியிருந்தால் நூறு வருடம் தாங்கும். வண்ணப் படம் சாயத்தால் ஆனது. தாத்தா பாட்டி இன்னும் கறுப்பாக, தெளிவாக இருக்க, எண்பதுகளில் கல்யாணமான சித்தப்பாக்கள் எல்லாம் செம்மண் நிறத்தில் மங்கிப்போனது இதனால்தான்.

இரண்டாவதுதான் எனக்குக் கோபம் வந்த இடம். கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் ஆய்வகங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். ஷெர்லி கார்டு என்று பெயர். அதில் இருக்கும் பெண்ணின் தோல் சரியாக வந்தால் மிஷின் சரி என்று அர்த்தம். பல பத்தாண்டுகளுக்கு அந்தப் பெண் வெள்ளைக்காரி மட்டும்தான். மற்ற நிறத்தவரையும் வைத்து அட்டை வந்தது 1990களில். ஏலத் தோட்டத்து வெயிலிலும் பனியிலும் நிறம் ஏறிய நம்ம பெண்கள் அந்தக் கணக்குக்குள் எங்கே வருவார்கள்? ஆனால் பழியை எல்லாம் கோடாக் தலையில் போட்டுவிட முடியாது. அதற்கு முன்பே நம் ஸ்டுடியோக்களில் நெகட்டிவ் மேல் கூர்மையான பென்சிலால் தீட்டி முகத்தை வெளுக்க வைத்தார்கள். முகத்தில் பவுடர் அப்பிக்கொள்ளச் சீப்போடு சேர்த்து ஒரு டப்பாவும் கண்ணாடி முன் இருந்தது. இன்றைக்கு அதே வேலையை போனில் ஒரு பட்டன் செய்கிறது. எங்கள் கல்யாணப் பெண் நல்ல கறுப்பு, லட்சணம். "அண்ணே, வெள்ளையா எடுத்துராதீங்க, எனக்கே என்னைய அடையாளம் தெரியாது" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

சரி, 35 எம்எம் கேமராவும் ஓடாத பிலிமும். பென்டாக்ஸ் கே1000 (1976) மாதிரிக் கேமராக்களில் பின்கதவைத் திறந்து, பிலிமின் நாக்கை எதிர்ப்பக்கச் சுருளில் செருக வேண்டும். சரியாகச் செருகாவிட்டால் நெம்புகோலை எத்தனை தடவை இழுத்தாலும் பிலிம் இருந்த இடத்திலேயே இருக்கும். மேலே எண் மட்டும் 1, 2, 3 என்று ஏறி 36 வரை போகும். பிளாஷ் அடிக்கும், டிக் சத்தம் கேட்கும், எல்லோரும் சிரிப்பார்கள். கண்டுபிடிக்க ஒரே வழி, நெம்புகோலை இழுக்கும்போது இடது பக்கத்துக் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பார்ப்பது. அனுபவசாலிகளுக்கு அது கையிலேயே ஊறியிருக்கும். 1998ல் அந்தக் காலை நேரத்தில் ஒருவர் அந்தக் குமிழைப் பார்க்கவில்லை. அந்த ஆள் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வந்திருப்பார். நானும் ஒரு முறை கார்டு போடாமலே ஒரு மணி நேரம் கொட்டகுடியில் படம் எடுத்திருக்கிறேன்.

வீடியோ, ஹாலோஜன் விளக்கு, இதயத்துக்குள் மணமக்கள், நிலாவுக்குள் மணப்பெண், கரிஸ்மா ஆல்பம், இப்போது டிரோன். இதெல்லாம் நீங்களே பார்த்ததுதான், தாண்டிப் போகிறேன். ஒன்றே ஒன்று. 2003ல் கேனான் 300டி வந்து டிஜிட்டல் எஸ்எல்ஆரை ஓரளவு எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. 2006ல் கோனிகா மினோல்டா கேமராத் தொழிலையே விட்டது. 2012 ஜனவரியில் கோடாக் திவால் மனு போட்டது. 1858க்கும் 2003க்கும் நடுவே ஒன்றரை நூற்றாண்டு நிதானமாக நடந்த கதை, ஒன்பது வருடத்தில் தலைகீழானது. இத்தனைக்கும் 1975ல் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தது கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன்தான்.

தாலி விஷயத்தில் சட்டத்தைப் பார்த்தபோது ஒரு வேடிக்கை. எல்லா போட்டோகிராபரும் உயிரைக் கொடுப்பது தாலி முடிச்சுக்கு. 1955ஆம் வருட இந்துத் திருமணச் சட்டத்தில், ஏழாம் பிரிவு பேசுவது அந்தந்தக் குலவழக்கச் சடங்கைப் பற்றி. ஏழடி வைப்பது வழக்கமானால் ஏழாவது அடியில் கல்யாணம் முழுமை பெறும் என்கிறது. தாலி என்கிற சொல் வருவது தமிழ்நாடு சேர்த்த 7அ பிரிவில். அது சுயமரியாதைத் திருமணங்களுக்காக வந்தது. 1928ல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் அப்படி முதல் கல்யாணம் நடந்தது. 1953ல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படியொரு திருமணம் செல்லாது என்றது. 1967ல் அண்ணா முதல்வரானதும் சட்டத்தைத் திருத்தினார்கள். உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும், அதுவே கல்யாணம். நாற்பது வருடம் "நீங்கள் கல்யாணம் ஆனவர்களா?" என்கிற கேள்வியோடு வாழ்ந்தவர்களுக்கு, மேடையில் மாலையோடு நிற்கும் ஒரு படம் வெறும் அலங்காரமாக இருந்திருக்காது.

எங்கள் கல்யாணத்தில் ஐயர் இல்லை. ஊர்ப் பெரியவர் தாலியை எடுத்துக் கொடுக்க, அவன் கட்டுவான். ஆவணி மாதம், காலை 6 மணிக்கு மேல் 7.30க்குள் முகூர்த்தம். பெண் வீட்டு வாசலில் பந்தல். போன ஞாயிறு அதே நேரத்துக்கு அங்கே போய் நின்று பார்த்தேன். பொட்டிபுரத்துக்கு மேற்கே மலை. சூரியன் கிழக்கே திறந்த வெளியில் இருந்து தாழ்வாக வருகிறது, பந்தலுக்குள் நேராக நுழைகிறது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் வழக்கப்படி கிழக்கே பார்த்து உட்கார வைத்தால் முகத்தில் நல்ல வெளிச்சம், பிளாஷே வேண்டாம். நான் நடுவில் நின்று மறைக்காமல் இருந்தால் சரி. சாயங்காலம் இதற்கு நேர் எதிர். மலை சூரியனைச் சீக்கிரமே விழுங்கிவிடும், பெரிய குரூப்பை நாலரைக்கு முன் முடித்துவிட வேண்டும். காத்து வேறு. ஆடிக் காத்து ஆவணியிலும் விடாது, பந்தல் துணி படபடவென்று அடித்து முகத்தில் வெயிலும் நிழலுமாக ஓடுகிறது. நாலு பக்கமும் இழுத்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குள் டியூப்லைட். நம்ம மின்சாரத்தில் அது நொடிக்கு நூறு தடவை மின்னும், ஷட்டரை 100க்கு மேல் ஏற்றினால் படத்துக்குப் படம் நிறம் மாறும். பட்டு வேட்டி வெள்ளை, அரக்குப் புடவை, நடுவே மாநிறமும் கறுப்பும். கேமராவின் கணக்கை நம்பாமல் முகத்தை வைத்து அளக்க வேண்டும்.

டி5300ல் கார்டு வைக்க ஒரே ஓட்டைதான். ஒரு கார்டு செத்தால் 1998 திரும்ப வந்துவிடும். அதனால் நாலு சின்னக் கார்டு, ஒவ்வொரு சடங்குக்கும் ஒன்று. தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் புதுக் கார்டு, கட்டியதும் அதைக் கழற்றி என் தங்கச்சியின் பர்ஸில். தாலி முடிச்சுக்கு மட்டும் போடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு அண்ணனையும் வரச் சொல்லிக் கேட்டேன். இதைப் பெருமைக் குறைவாக நான் நினைக்கவில்லை. "வர்றேன் தம்பி, பின்னாடி நிக்கிறேன், நீ எடு" என்றார். அவர்தான் மொய் எழுதும் மேஜை பக்கத்தில் அரை மணி நேரம் நில்லு என்று சொல்லிக் கொடுத்தார். வந்த அத்தனை பேரும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், அதுவும் இயல்பான முகத்தோடு. எஸ்டேட்டில் காய் பறிப்பு நேரம், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இறங்கி வருகிறவர்கள் சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார்கள். அவர்களைப் பிடிக்க அந்த மேஜைதான் ஒரே இடம்.

அத்தையிடம் யார் யாரை விடக்கூடாது, யார் யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, யார் பக்கத்தில் யாரை நிற்க வைக்கக்கூடாது என்று ஒரு பட்டியல் எழுதி வாங்கினேன். இரண்டு பக்கம் வந்தது. கடைசியில், "உங்களுக்குன்னு ஒரு படம் சொல்லுங்க அத்தை" என்றேன். அவர் யோசிக்கவே இல்லை.

"எங்கம்மா பந்தல்ல உக்காந்திருக்கிறாப்ல ஒண்ணு."

அவன் அம்மாச்சிக்கு எண்பதுக்குப் பக்கம். முப்பது வயதுக்குள் புருஷனை இழந்தவர். அவர் கல்யாணத்தில் போட்டோ இல்லை. மகள் கல்யாணத்தில் பிலிம் ஓடவில்லை. ஓடியிருந்தாலும் அவர் சமையல்கட்டுப் பக்கம்தான் இருந்தாராம். தேர்தல் ஆணையம் 1993ல் புகைப்பட அடையாள அட்டை கொடுக்க ஆரம்பித்ததே, அதற்காக எடுத்ததுதான் அவர் வாழ்க்கையின் முதல் படம். இரண்டாவது ஆதார். இரண்டிலும் ஒரே முகம், தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி. வேறு படமே கிடையாது.

போய்க் கேட்டேன். "எனக்கெதுக்குய்யா, நல்ல காரியத்துல நான் முன்னால வந்துக்கிட்டு" என்றார். வெற்றிலையை இடித்துக்கொண்டே, கொஞ்ச நேரம் கழித்து, "என்ன சேல கட்டட்டும்?" என்று கேட்டார்.

பச்சை என்று சொல்லியிருக்கிறேன். பந்தலில் கிழக்குப் பக்கம் இரண்டாவது கால் அருகே ஒரு நாற்காலிக்கு இடமும் பார்த்தாகிவிட்டது. காலை ஆறே முக்காலுக்கு அங்கே வெயில் சரியாக விழுகிறது. கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.